ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

என் அண்ணி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். யார் கைபேசி எண்ணைச் சொன்னாலும், அது எதனால் வகுபடும் என்று பார்ப்பது அவர் வழக்கம். "உங்களுது பதினொண்ணால வகுபட்டுடுது" என்பார், ஏதோ நமக்கு நோய் கண்டுபிடித்த முகத்துடன்.

அவருடைய எண் ஒன்பதில் முடியும். பத்து இலக்கப் பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர எதற்கும் மசியாது. கூடத்து ஏசியைப் பழுதுபார்க்கப் போன என் அண்ணன், தன் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தார். அண்ணியுடையதைவிட இரண்டு குறைவு, ஏழில் முடிவது. கணினியில் போட்டுப் பார்த்தால் அதுவும் பகா எண். இரட்டைப் பகா எண்கள்! ஊரெல்லாம் கண்டதும் காதல் என்கிறார்கள். இது வகுத்ததும் காதல். கல்யாணம் வரை அண்ணனுக்குக் காரணம் தெரியாது. தெரிந்த பிறகும் புரியவில்லை.

நடுவில் இருந்த எட்டு ஒரு சாவிக்கடைக்காரருடையது. அண்ணனுக்கு வர வேண்டிய அழைப்புகள் அடிக்கடி தவறி அவருக்குப் போகும். அவரும் சளைக்காமல், "ஏசியா? கடைசியில ஏழு போடுங்க" என்பார். அவருக்கு நன்றி சொல்லக் கூப்பிட்ட அண்ணி, எடுத்த எடுப்பில், "உங்க நம்பர் ஆறால வகுபடும். இந்த மாதிரி ரெண்டு பெரிய பகா எண்ணுக்கு நடுவுல இருந்தா வகுபட்டே தீரும்" என்றார்.

"அதுக்கு நான் என்னக்கா பண்ணட்டும்?" என்றார் பாவம்.

போன வருடம் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். அண்ணி அழவில்லை. அவருடைய கைபேசியைச் சார்ஜ் போட்டு அலமாரியில் வைத்தார். அந்த எண் வேறு யாருக்கும் போய்விடக் கூடாதென்று மாதாமாதம் ரீசார்ஜ் செய்தார். அதைக் கூப்பிட்டதில்லை, எடுக்க ஆளில்லையே.

கல்யாண நாளன்று மட்டும் மனசு கேட்காமல் கூப்பிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். அலமாரியில் மணி அடிக்கவில்லை. ஆனால் யாரோ எடுத்தார்கள்.

"சொல்லுங்கக்கா."

சாவிக்கடைக்காரர்!

"மாசாமாசம் எனக்கு யாரோ ரீசார்ஜ் போட்டாங்கக்கா. கம்பெனி ஆஃபர்னு நினைச்சேன். அப்புறம் ஏசிக்குக் கூப்பிட்டவங்க, ஏழு ரத்தாயிடுச்சுன்னாங்க. அப்பதான் உறைச்சுது, நீங்க ஏழுக்குப் பதிலா எட்டுக்குப் போட்டுட்டீங்க. அலைஞ்சு திரிஞ்சு நானே அதை வாங்கிட்டேன். சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

உலகத்து எண்களையெல்லாம் சரிபார்க்கும் அண்ணி, பக்கத்து விசையில் விரல் பட்டதைப் பார்க்கவில்லை. செயலியும் அந்த எட்டையே நினைவில் வைத்துக்கொண்டு மாதாமாதம் நீட்டியிருக்கிறது.

"நாளைக்கே உங்க பேருக்கு மாத்தித் தர்றேன்கா."

அப்போதுதான் அண்ணி அழுதார். நானும் அழுதேன். வெகுநேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்:

"வேண்டாம். நீங்களே வெச்சுக்கங்க. ரெண்டும் என்கிட்டயே இருந்தா, நான் யாரைக் கூப்பிடுறது?"