அக்காவின் கறுப்புக் காலண்டர்

பன்னிரண்டாம் வகுப்பில் அக்காவுக்குப் பள்ளியில் இலவச லேப்டாப் கொடுத்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதுவரை செவிலிமேட்டு வீட்டில் நாள், கிழமை சொல்லும் அதிகாரம் என்னிடம்தான் இருந்தது. காலையில் நாற்காலி மேல் ஏறி தினசரிக் காலண்டரின் தாளைக் கிழித்து உரக்கப் படிப்பேன். பட்டுச்சேலைக் கடையில் விற்பனை வேலை பார்த்த அப்பாவுக்கு, முகூர்த்த நாள் என்றால் கடையில் கூட்டம் என்று அர்த்தம். சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கவனமாகக் கேட்டுக்கொள்வார்.

லேப்டாப் வந்த வாரமே என் அதிகாரம் போயிற்று. அக்கா ஒரு கறுப்புத் திரையைத் திறந்து சி, ஏ, எல் என்று அடித்து, பக்கத்தில் மாதத்தையும் வருடத்தையும் எண்ணாகப் போடுவாள். அந்த மாதம் முழுவதும் வெள்ளை எண்களாக வந்து நிற்கும். சாமி படம்கூடக் கிடையாது. ஆனாலும் தெருவே பார்க்க வந்தது. தான் பிறந்தது வியாழக்கிழமை என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டு அத்தை, "எங்கம்மா இத்தினி நாளா செவ்வாக்கெழமைன்னு சொல்லிக்கினு இருந்திச்சேமா!" என்று சிரித்தார். அப்பாவும் தன் கல்யாணக் கிழமையை அவளிடம்தான் கேட்டார். மறுநாள் வேண்டுமென்றே தாளைக் கிழிக்காமல் விட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

தனியாக இருக்கும்போது அக்கா வரப்போகும் மாதங்களையே அடித்து அடித்துப் பார்ப்பாள். கேட்டால், "காலேஜ் எப்ப தொறப்பாங்கன்னு பாத்துக்கினு இருக்கேன்டீ" என்பாள். பெருமை பீற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

ஒருநாள் மாகறலிலிருந்து பெரியப்பா அக்காவுக்கு ஒரு வரன் கொண்டுவந்தார். நல்ல இடம், விடக்கூடாது என்றார். வெகுநேரம் பேசிய பிறகு அப்பா, "ஆவணில நாள் எப்படி இருக்குதுன்னு பாரும்மா" என்றார் அக்காவைப் பார்த்து. மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த அக்கா திரையையே பார்த்தாள். திரையில் வெறும் எண்கள்.

நான் காத்திருந்த நேரம் இதுதான்.

"அதுல முகூர்த்தமே வராதுப்பா. என்னுதுல இருக்குது!" என்று ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தேன். ஆவணி முகூர்த்தங்களை ஒவ்வொன்றாக, தெருவுக்கே கேட்கும்படி படித்தேன். "வளர்பிறைப்பா, ஞாயித்துக்கெழமை!"

"அவங்களுக்கும் ஞாயிறுதான் தோது" என்றார் பெரியப்பா. அப்பா என் கன்னத்தைத் தட்டி, "கில்லாடிடீ நீ" என்றார்.

அக்கா எழுந்து உள்ளறைக்குப் போனாள். தோற்ற முகத்தைப் பார்க்க நானும் பின்னாலேயே போனேன். அவள் லேப்டாப்பை என் கையில் வைத்தாள்.

"நீயே வெச்சிக்கோ பாப்பா. எனக்கு இனிமே எதுக்கு?"

கல்யாணம் வரப்போவது எனக்குத் தெரியும். புதுப் பாவாடை கிடைக்கும் என்பதுகூடத் தெரியும். கல்யாணம் வந்தால் காலேஜ் இல்லை என்பது மட்டும் தெரியவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து சி, ஏ, எல் என்று அடித்து, முதல் வேலையாக என் பிறந்தநாள் என்ன கிழமை என்று பார்த்தேன். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளுக்கு என் மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.