சாம்பிராணி போட்ட காற்று

சேறும் உப்பும் கலந்த அந்தக் கடல் காற்று வாசம்... மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

எண்பதுகளில் அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஆபீசில் நான் சின்ன கிராணி, அதாவது குமாஸ்தா. காலையில் பேர் கூப்பிட்டு, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதுவது போக, எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. புதன்கிழமை தோறும் காற்று பிடிப்பது.

சிரிக்காதீர்கள், நிஜம்தான். வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடம் ஒன்று உலகத்தில் பல இடங்களிலிருந்து போத்தலில் காற்றை வரவழைத்து, அதில் கரியமில வாயு எவ்வளவு என்று அளந்துகொண்டிருந்தது. எங்கள் தோட்டத்துக் கடலோரக் கரையும் அதில் ஓர் இடம். ஒரு பெட்டி, ஒரு சின்ன பம்பு, வாரத்துக்கு ஒரு கண்ணாடிப் போத்தல்.

சட்டமெல்லாம் கறார். காற்று வரும் பக்கம் ஆள் நிற்கக் கூடாது. புகை கூடாது. போத்தலைத் திறந்து மூடும் வரை மூச்சுகூட விடக் கூடாது... நம் மூச்சிலும் அந்த வாயு இருக்கிறதே.

பெட்டியைத் தூக்கி வருவது லோரி டிரைவர் முனியாண்டி அண்ணன். எப்போதும் வாயில் ரொக்கோ சிகரெட் புகையும், புதன்கிழமை காலையில் மட்டும் தொட மாட்டார். "நம்ம தோட்டத்துக் காத்து ஏரோப்ளேன்ல போவுது, சும்மாவா" என்பார்.

ஒரு வருஷம் ஆயுத பூசை புதன்கிழமையில் வந்தது. அண்ணன் லோரியைக் கழுவி, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி அசத்தியிருந்தார். கரையில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போத்தலைத் திறந்தேன். திரும்பிப் பார்த்தால்... கையில் சாம்பிராணிக் கரண்டியோடு, காற்று வரும் பக்கமாக நின்று, பெட்டிக்குப் பக்தியோடு காட்டிக்கொண்டிருக்கிறார்.

கத்த முடியாது. மூச்சு விட்டால் போத்தல் கெட்டுவிடும் என்று அப்போதும் எனக்குப் பயம், பாருங்கள் என் புத்தியை. கையை ஆட்டினேன். அவர் இன்னும் கிட்டே கொண்டுவந்து மூன்று சுற்று சுற்றினார்.

மூடிய பிறகுதான் பேச்சு வந்தது. "என்னண்ணே பண்ணிட்டீங்க?"

"எல்லா மெசினுக்கும் காட்டியாச்சு. இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு தங்கச்சி?"

அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கோபப்படுவது. வேறு போத்தலும் இல்லை. தோட்ட மேனேஜர் துரைக்குத் தெரிந்தால் அண்ணனுக்குத் திட்டு விழும். குறிப்பு எழுதும் கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பிவிட்டேன்.

சில மாதம் கழித்து என் பேருக்கே கடிதம். அந்த வாரத்து அளவு ஏறிக் கிடக்கிறது, காரணம் தெரியாவிட்டால் உங்கள் இடத்தை நிறுத்த வேண்டி வரும் என்று. அந்தப் புதன்கிழமைகள் போய்விட்டால் எனக்கு மிச்சம் வெறும் செக்ரோல்தான்...

அண்ணனிடம் படித்துக் காட்டினேன்.

"எம் பேரையே எழுதிரும்மா. பெட்டி போயிரக்கூடாது லா."

ஆயுத பூசையை இங்கிலீஷில் விளக்க இரண்டு பக்கம் ஆனது. பதில் வந்தது. அந்த ஓர் அளவை மட்டும் தவறு என்று குறித்து ஒதுக்கிவிட்டார்களாம். இடம் தொடரலாம். அடுத்த முறை போத்தலை மூடிய பிறகு பூசை செய்யவும். அந்தக் கடைசி வரியை அண்ணன் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

இப்போது தோட்டம் போய் வீடுகள் வந்துவிட்டன. கரையில் மெசினே தனியாகக் காற்றைப் பிடித்துக்கொள்கிறது, மூச்சைப் பிடிக்க ஆள் வேண்டாம்.

போன வாரம் என் மகள் அந்த அளவுகளின் வரைபடத்தை நெட்டில் எடுத்துக் காட்டினாள். எங்கள் புதன்கிழமைகள் எல்லாம் புள்ளி புள்ளியாய் அப்படியே இருக்கின்றன. கோட்டுக்கு மேலே தனியாய் ஒன்று... பார்த்ததும் எனக்குச் சாம்பிராணி மணத்தது. அப்புறம்தான் கவனித்தேன். கோடு வருஷா வருஷம் ஏறி ஏறி, இன்றைய சாதாரணக் காற்றே அந்தப் புள்ளியைத் தாண்டிப் போயிருந்தது.

ராசா என்ற ஊரில் மகன் வீட்டில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"தப்புன்னு ஒதுக்குனாங்களே, அத விடவா?"

"ஆமாண்ணே."

"அப்ப இப்ப யாரு தங்கச்சி சாம்பிராணி போடுறா?"

போனைக் காதில் வைத்தபடி, அன்றைக்குப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.