தொகுத்தவர்: மல்லிகா

1983 பிப்ரவரி, காலை பத்து மணி. தமிழாசிரியர் கண்ணப்பன் பன்னிரண்டு கட்டுரைகளோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். பதிப்புரிமையைப் பள்ளிக்கூடத்தில் விளக்குவது, ஏரி மீன் யாருடையது என்று கொக்குக்குப் பாடம் எடுக்கிற வேலை. அதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது நான் ஒரு நாளிதழுக்கு உத்திரமேரூர் நிருபர். பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்று ஆண்டு மலர் போட்டது. எது சொந்தச் சரக்கு, எது இரவல் என்று ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் எடுத்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பன்னிரண்டில் பதினொன்று கடையில் விற்கும் கையேட்டிலிருந்து இறங்கியவை. ஒன்றுதான் சொந்தம்: காவாந்தண்டலத்திலிருந்து வரும் பத்தாம் வகுப்பு மல்லிகா, அம்மாவோடு கூலிக்கு நடவு நட்ட நாளைப் பற்றி எழுதியது. அது அவள் பெயரில் அச்சேறினால் போதும் என்றிருந்தது எனக்கு.

கையெழுத்து

முதலில் ஒன்பதாம் வகுப்பு சேகர். அவனுடைய 'மழைக்காலம்' கட்டுரையில், வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிந்தது. எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும். கையேட்டைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவன் அசரவில்லை.

"அது அச்சு சார். இது பேனாவுல கீது. கையெழுத்து என்னுதுதானே?"

கொஞ்சம்

பாடத்துக்காகப் பிறர் நூலிலிருந்து கொஞ்சம் எடுக்கலாம், பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று ஆசிரியர்கள் அறையில் விளக்கினேன். வரலாற்று ஆசிரியர் மட்டும் குறிப்பெடுத்தார். மகிழ்ந்துபோனேன். மாதக் கடைசியில் பார்த்தால், ஒரு முழுப் புத்தகம் சைக்ளோஸ்டைல் மெஷினில் நகலாகி வகுப்பில் உலவிக்கொண்டிருந்தது. முன்னட்டை மட்டும் இல்லை. கேட்டதும் மனிதர் வருத்தப்பட்டார்.

"நீங்கதானே கொஞ்சம் எடுக்கலாம்னீங்க? ஒரு நாளைக்கு நாலு பக்கத்துக்கு மேல நான் தொட்டதே இல்ல சார்."

அனுமதி

இதில் தலைமையாசிரியர் பயந்துவிட்டார். மலரில் வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும், எழுதியவரின் அனுமதி எழுத்தில் வேண்டும் என்று உத்தரவு போட்டார். பள்ளிக்கூடத்தில் அனுமதி என்றால் லீவ் லெட்டர்தான். மறுநாள் பதினொரு பையன்களும் அப்பா கையெழுத்தோடு வந்தார்கள்: 'என் மகன் இக்கட்டுரையை எழுதியதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.' அவர் திருப்தியாக ஃபைலில் கோத்துக்கொண்டார்.

மல்லிகா வெறுங்கையோடு நின்றாள். எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தாய் என்று தலைமையாசிரியர் கேட்டார். புத்தகமே இல்லை, நான்தான் எழுதினேன் என்றாள். நானும் சாட்சி சொன்னேன். அவர் என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"மத்ததெல்லாம் எங்கேருந்து வந்துதுன்னு தெரியும். இது எங்கேருந்து வந்துதுன்னே தெரியல. நாளைக்கு எவனாவது வந்து கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

பாதுகாப்பு

கண்ணப்பன் சமரசம் செய்துவைத்தார். மலர் வெளிவந்தது. பதினொரு கட்டுரைகளுக்குக் கீழே 'எழுதியவர்' என்று போட்டுப் பெயர். நடவுக் கட்டுரைக்குக் கீழே மட்டும், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று, 'தொகுத்தவர்: மல்லிகா'. பெயர் வந்திருக்கிறதே என்று நான் சமாதானம் சொல்லப் போனேன். அவள் பக்கத்தை மூடிவிட்டாள்.

"நாத்து நட்டது நானு, முதுகு வலிச்சது எனக்கு. இதுல தொகுக்கறதுக்கு இன்னா சார் கீது?"

1985 ஜூனில் சென்னையிலிருந்து வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்க் கையேட்டில், அந்தக் கட்டுரை வரி மாறாமல் மாதிரிக் கட்டுரையாக இருந்தது, உரிமை பதிப்பாளருக்கே.