ஆசியுரை இல்லாத புத்தகம்

என் முதல் நாவலை எழுதி முடித்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. அது நல்ல நாவல் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அடக்கம் பெண்ணுக்கு அழகு என்பார்கள். எழுதுகிற பெண்ணுக்கு அது பெரிதாக உதவியதை நான் கண்டதில்லை. ஆனால் முதலில் எழுதிய கையெழுத்துப் பிரதியில் ஒரு பொய் இருந்தது. அதைப் படித்தவர்களும் பண்டிதர்களும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு வெள்ளாங்குளப் பாடசாலைக்கு மாற்றம் கிடைத்தது. நான் மன்னார்த் தீவின் வடகரையில், மீன்பிடிக்கும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறி, இலுப்பைக்கடவை தாண்டி, ஊருக்கு வந்து சேர இருட்டிவிடும். ஞாயிறு பூசை முடிந்த கையோடு திரும்ப வேண்டும். கிழமை நாட்களில் ஒரு கமக்காரர் வீட்டில் அறை எடுத்துத் தங்கினேன். வீட்டுக்காரிக்கு என் வயதுதான். நாலு பிள்ளைகள், வயல், மாடு என்று மூச்சுவிட நேரமில்லாதவள். அப்படியிருந்தும் என்னைவிட அதிகம் வாசித்திருந்தாள்.

"ஆம்பிளையள் எழுதினதை இவ்வளவு காலமும் வாசிச்சாச்சு, ரீச்சர். இந்த வருசம் பொம்பிளையள் எழுதினதை மட்டும் வாசிப்பம்" என்று ஒருநாள் சொன்னாள். நானும் சரி என்றேன். பட்டணத்தில் இருந்தும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் யார் வந்தாலும் புத்தகம் கொண்டுவரச் சொல்லிவிடுவோம். பெண் பெயரில் ஒளிந்துகொண்டு எழுதும் ஆண்களை அவள் ரெண்டு பக்கத்தில் பிடித்துவிடுவாள். "இவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது" என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பித் தருவாள். போய் விசாரித்தால் அது உண்மையாகவே ஓர் ஆணாக இருக்கும்.

பெண்கள் எழுதியவற்றிலும் எங்களுக்கு ஒரு மனக்குறை இருந்தது. கதாநாயகி நியாயம் பேசுவாள், படிப்பாள், வேலைக்குப் போவாள், புருஷனின் முகத்துக்கு நேரே கேள்வி கேட்பாள். கை தட்ட வேண்டும் போலிருக்கும். கடைசி அத்தியாயத்தில் ஒன்று கிணற்றில் விழுவாள், இல்லையென்றால் புத்தி தெளிந்து திரும்பிப் போவாள். "கிணத்துக்கை விழுறதெண்டால் இவ்வளவு கதை கதைச்சிருக்கத் தேவையில்லையே" என்று வீட்டுக்காரி எரிந்து விழுவாள். "நான் ஒண்டு எழுதிக் காட்டுறன் பாருங்கோ" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எழுத என்னிடம் கதை இருந்தது. அது என் அக்காவின் கதை.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். வாடைக் காற்றுக் காலத்தில் எங்கள் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் ஊர் ஆண்கள் பலர் தெற்கே கொண்டச்சிப் பக்கம் போய், கரையில் ஓலைக் கொட்டில் போட்டுத் தொழில் செய்வார்கள். அதை வாடி என்போம். தென்மேற்குச் சோளகக் காற்று பிறக்கத் திரும்பி வருவார்கள். ஒரு வருஷம் அக்காவின் புருஷன், எங்கள் அத்தான், மட்டும் வரவில்லை. அங்கே அவருக்கு இன்னொரு அடுப்பு எரிகிறது என்ற செய்தி வந்தது. அக்கா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அவருடைய சாரம், சேட்டு, சவரப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு பனையோலைக் கடகத்தில் அடுக்கி, வாயைச் சாக்கால் மூடித் தைத்து, மீன் லொறியில் கொண்டச்சிக்கு அனுப்பிவைத்தாள். அடுத்த கிழமையே சொந்தமாகக் கருவாடு போடத் தொடங்கினாள்.

இரண்டு வருஷம் கழித்து அத்தான் கோயில் மூப்பரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். பிரிந்து போன புருஷன் பெண்சாதி வீட்டில் கை நனைத்துவிட்டால், அதாவது ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டால், பழையதெல்லாம் முடிந்தது, மறுபடி ஒரு குடும்பம் என்பது எங்கள் ஊர் வழக்கம். அக்கா சோறும் மீன் குழம்பும் ஆக்கி இருவருக்கும் போட்டாள். மூப்பர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் தெருமுனையைத் தாண்டியதும் அக்கா அத்தானிடம், "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வெளிக்கிடுங்கோ" என்றாளாம். அவரும் போய்விட்டார். நான் அப்போது ஆசிரியர் கலாசாலையில் இருந்தேன். எல்லாம் அம்மாவின் கடிதத்தில் அறிந்ததுதான். சாப்பாடு போட்டுவிட்டு அனுப்பியது எந்த வகையில் சேர்த்தி என்று ஊருக்கு விளங்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பதினாலு வருஷமாக அக்காவைக் காணும் போதெல்லாம் யாராவது ஒருவர், "அந்தாளைக் கூப்பிட்டு எடு பிள்ளை, கை நனைச்ச மனுசன்தானே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இந்தக் கதையை நான் என்ன செய்தேன் தெரியுமா? ஊர் கண்டுபிடிக்கக் கூடாது என்று அக்காவைச் சைவக்காரி ஆக்கினேன். வெள்ளாங்குளத்தில் கமக்காரன் பெண்சாதி ஆக்கினேன். மறைப்பதற்காக மட்டும் என்று சொன்னால் அதுவும் பொய். நான் வாசித்த புத்தகங்களில் மானமுள்ள பெண்கள் எல்லாரும் வயற்கரையில்தான் நடந்தார்கள். மீன் வெடுக்கு இலக்கியத்தில் ஏறாது என்று நான் நம்பியிருந்தேன். எழுதும்போது வெட்கம் தெரியவில்லை, இப்போது வெட்கமாக இருக்கிறது. இன்னொன்றும் செய்தேன். கதையைச் சாப்பாட்டோடு நிறுத்தினேன். அவள் சோறு போட்டாள், அவன் சாப்பிட்டான், வீட்டில் விளக்கு எரிந்தது, முற்றும்.

அப்படி முடித்ததற்கும் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் புத்தகம் போடுவதென்றால் முன்னால் ஓர் ஆசியுரை வேண்டும். அது இல்லாத புத்தகத்தைத் தகப்பன் பெயர் தெரியாத பிள்ளை போலப் பார்ப்பார்கள். பங்குச் சுவாமி, அதாவது எங்கள் கோயில் பாதிரியார், வாசித்துவிட்டு, குடும்ப ஒற்றுமையை உயர்த்திப் பிடிக்கும் நாவல் என்று இரண்டு பக்கம் அழகாக எழுதித் தந்தார். வெளியீட்டுக்குக் கோயில் மண்டபத்தையும் தருவதாகச் சொன்னார். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

பிரதியை வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். நாலாம் நாள் நெல் புடைத்துக்கொண்டே, "நல்லா எழுதியிருக்கிறியள். ஆனால் இவ எங்கட ஆளில்லை" என்றாள்.

"ஏன், அப்பிடி என்ன பிழை?"

"புருசன் வரப் பிந்தினால் நாங்கள் வரம்பைப் பாப்பம், குளத்துக்கட்டைப் பாப்பம். இவ என்ன கோதாரிக்கு ஓடியோடிப் போய்க் காத்தைப் பாக்கிறா?"

நாவல் முழுக்க என் கதாநாயகி முற்றத்துக்கு வந்து காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கள் வீட்டில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் நிற்பார்கள். வேறு மாதிரி ஒரு பெண் காத்திருப்பாள் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

"மற்றது, அந்தக் கடைசிச் சாப்பாடு. அறுவடை முடிஞ்ச அண்டைக்கே புது அரிசியைக் குத்திச் சமைச்சு அவருக்குப் போடுறா. புதிர் எண்டு ஒண்டு இருக்கெல்லோ ரீச்சர்? புது நெல்லை நாள் பாத்து, பொங்கிப் படைச்சுப்போட்டுத்தான் வீட்டாக்கள் வாயில வைக்கிறது. அதுக்கு முதல் ஓடிப்போன புருசனுக்கு ஆக்கிப் போடுறதோ? எந்தக் கமக்காரிச்சி செய்வாள்? அண்டைக்குப் பிடிச்ச மீனை அண்டைக்கே கறி வைக்கிற ஆக்கள்தான் இப்பிடி எழுதுவினம்." சுளகைக் கீழே வைத்தாள். "இது ஆரின்ர கதை?"

சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு அதற்கு மேல் என்ன மானம்?

"அப்ப அவவை அவவின்ர ஊரில கொண்டுபோய் விடுங்கோ. அவவிட்டைக் கேட்டுச் செய்யுங்கோ" என்றாள் அவள்.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போய் அக்காவின் முன்னால் பலகை போட்டு உட்கார்ந்தேன். அக்கா கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தாள். மூன்று சனிக்கிழமைகள் பிரதியை வாசித்துக் காட்டினேன். கடகம் லொறியில் போகிற இடத்தில் சிரித்தாள். தன் கதைதான் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது அவளுக்கு. வயலும் வரம்பும் வந்த இடங்களில், "என்னை ஏன் சேத்துக்கை இறக்கினனீ?" என்று மட்டும் கேட்டாள். கோபமில்லை. உன்னை எங்கள் ஊரிலேயே வைத்து எழுதட்டுமா என்றேன். "எழுதன். ஊருக்குத் தெரியாததே?" என்றாள். எனக்குப் பாதி உயிர் வந்தது. பிறகு கடைசிப் பக்கத்தை வாசித்தேன்.

கத்தி நின்றுவிட்டது.

"நான் எப்ப அவரைத் திருப்பி எடுத்தனான்?"

கதை அப்படி முடிந்தால்தான் நன்றாக இருக்கும், சுவாமி ஆசியுரை எழுதித் தந்துவிட்டார், மண்டபமும் சொல்லியாயிற்று என்றெல்லாம் நான் உளறினேன்.

"பதினாலு வருசமா ஊர் எனக்குச் சொன்னதைத்தான் நீயும் எழுதியிருக்கிறாய்" என்றாள் அக்கா. "அதுக்கு நீ ஏன் பாடுபட்டனீ? சுவாமியையே எழுதச் சொல்லியிருக்கலாமே." கையைக் கழுவிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஞாயிறு பூசையில் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தும் முகம் திருப்பவில்லை. ஒவ்வொரு கிழமையும் வெள்ளாங்குளத்துக்கு நான் கொண்டுபோகும் கருவாட்டுப் பொட்டலமும் நின்றுபோயிற்று. அக்கா என்னோடு பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அம்மா செத்த பிறகு எனக்கு இருந்த ஒரே ஆள் அவள். புத்தகம் வந்து அக்கா போய்விட்டால் அந்தப் புத்தகத்தை வைத்து நான் என்ன செய்வது?

நாவலை முதலில் இருந்து எழுதினேன். கதாநாயகியைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தேன். அங்கே அவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காற்றைப் பார்க்கலாம். கடைசியில் அவள் சோறு போட்டாள், பஸ்ஸுக்கு அனுப்பினாள், அவன் சாப்பிட்ட சோற்றுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு மீன் கீறப் போனாள். புருஷன் சாப்பிட்ட கோப்பையைப் பெண்சாதி கழுவுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம், யோசிக்காமலே அப்படி எழுதினேன். எழுதி முடித்தபோது கை வலித்தது, மனம் லேசாக இருந்தது. நேரே சுவாமியிடம் கொண்டுபோனேன். அவர் நல்ல மனிதர். கடைசி அத்தியாயத்தை இரண்டு தரம் வாசித்தார். "நான் எழுதினது முந்தின கதைக்கு, பிள்ளை" என்று சொல்லி, தன் இரண்டு பக்கங்களையும் திருப்பி வாங்கி மடித்து அங்கிப் பைக்குள் வைத்தார். மண்டபத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆசியுரை இல்லாமலே அச்சுக்குக் கொடுத்தேன். வெளியீட்டை வெள்ளாங்குளத்தில் எங்கள் பாடசாலையில் வைத்தேன். வெளியீடு என்றால் முதல் பிரதியை மேடையில் ஒரு பெரிய மனிதர் வாங்குவது முறை. யாரை அழைக்கப் போகிறீர்கள் என்று பாடசாலை அதிபர் கேட்டார். அழைப்பிதழில் முதற்பிரதி பெறுபவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரை அச்சடித்துவிட்டேன். கேட்டால் மாட்டேன் என்பாள், அதனால் கேட்கவில்லை. தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை.

அன்று காலை பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினாள். கோயிலுக்குக் கட்டும் சீலை கட்டியிருந்தாள். என்னைப் பார்த்தாள், நேரே போய் முன் வரிசையில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள், வேறென்ன. வரவேற்புரையும் விமர்சன உரையும் எப்படிப் போயின என்று எனக்கு நினைவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெயரைக் கூப்பிட்டதும் அக்கா மேடைக்கு ஏறினாள். நான் புத்தகத்தைக் கொடுத்தேன். வாங்கியவர்கள் சிரித்துப் படத்துக்கு நிற்பார்கள், பிறகு இறங்கிப் போவார்கள். அக்கா அங்கேயே நின்று கடைசிப் பக்கத்தை விரித்து வாசிக்கத் தொடங்கினாள். விரலை வரியில் வைத்து, உதடு அசைய, மெதுவாக வாசித்தாள். படம் எடுக்க வந்தவர் கமராவை இறக்கிவிட்டார். கூட்டத் தலைவர் இரண்டு தரம் செருமினார். வாசித்து முடிக்கும்வரை அக்கா நிமிரவில்லை.

பிறகு என்னைப் பார்க்காமல், சபையைப் பார்த்து, எங்கள் ஊர்ப் பெண்கள் இருந்த பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிறாள். ஒண்டுதான் பிழை. அண்டைக்கு அவர் சாப்பிட்ட கோப்பையை நான் கழுவேல்லை. கிணத்தடிக்குக் கொண்டுபோய் அவரே கழுவி வச்சிட்டுத்தான் போனவர்."