காரைக்குடி வானத்தில் பறந்தவன்

அந்த அச்சக முதலாளிக்கு ஒரு வரி ஒழுங்காக எழுத வராது. இருபது வருஷம் கல்யாணப் பத்திரிகை அடித்து ஓட்டியவர், எழுபதுகளின் தொடக்கத்தில் திடீரென்று எழுத்தாளர் ஆக ஆசைப்பட்டார். மெட்ராசிலிருந்து வரும் சித்திரக்கதையில் எல்லாம் வெள்ளைக்காரன்தான் பறக்கிறான், நம்ம காரைக்குடிக்கு மேலே ஒருத்தன் பறந்தால் என்ன என்று கேட்டார். யோசனை நல்ல யோசனைதான். அது போயும் போயும் அவருக்கு வந்தது.

நான் தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். குடியிருந்தது காரைக்குடியில். மாம்பழமும் பூந்தொட்டியும் வரைய வைத்துச் சலித்துப் போயிருந்த நேரத்தில், பறக்கும் மனிதனை வரைய யாராவது கூப்பிட்டால் போகத்தான் தோன்றும். பள்ளி விட்டு பஸ் இறங்கியதும் நேரே அச்சகத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

முதல் நாளே முதலாளி நாயகனின் முகத்தைத் தீர்மானித்துவிட்டார். "முகம் நம்ம ஊரு முகமா இருக்கட்டும் சார். ரொம்ப யோசிக்காதீக, என்னையப் பாத்தே வரைஞ்சிருங்க." தொப்பையைக் கழித்து, தோளைக் கூட்டி, மீசையை அப்படியே வைத்தேன். முதுகில் பறக்கும் துணிக்கு ஜரிகைக் கரை வேண்டும் என்றார். அதையும் போட்டேன். கோவிலூர் கோபுரத்துக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, ஒரு பெரிய வீட்டு மாடியில் இறங்கித் திருடனைப் பிடிப்பான். கதை அவ்வளவுதான். மூன்று மாதம் மண்டையைக் கசக்கி அவர் கண்டுபிடித்த கதை.

"திருடனுக்குக் கைலியக் கட்டி, தொப்பிய வச்சு விட்டுருங்க. பாத்த உடனே தெரியும்ல."

இதை அவர் சொன்னபோது அச்சுக் கோப்பவர் மூன்றடி தள்ளி நின்று எழுத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கைலி, வெள்ளைத் தொப்பி, மூக்குக் கண்ணாடி, நரைத்த தாடி. பதினைந்து வருஷமாக அந்த அச்சகத்தை நிமிர்த்தி வைத்திருந்த ஆள். முதலாளியின் தமிழில் இருந்த பிழைகளை எல்லாம் சத்தம் காட்டாமல் திருத்திக் கோப்பவர். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

திருடன் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஏதாவது ஒரு முகம் வேண்டியிருந்தது. தலையைத் தூக்கினேன், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முகம் நின்றது. வரைந்துவிட்டேன். ஜாடை பிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு, அந்தத் திமிரில் கண்ணாடியைக்கூட விடவில்லை. வரைந்து முடித்த பிறகுதான் யார் முகம் என்று எனக்கே உறைத்தது. அழித்திருக்கலாம். படம் நன்றாக வந்திருந்தது, அழிக்க மனசு வரவில்லை.

மதுரையிலிருந்து படங்களைச் செதுக்கிய அச்சுக்கட்டை, அதாவது பிளாக், வந்ததும் படங்களுக்குக் கீழே வசனம் கோக்க வேண்டியிருந்தது. அச்சுக் கோப்பவர் திருடன் இருந்த பிளாக்கைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

"சார், இந்த ஆளு எங்குட்டு உள்ளவரு?"

"யாரும் இல்ல பாய். சும்மா கற்பனைதான்."

"சரி சார்" என்றார். 'அகப்பட்டாயா கயவனே' என்று ஒவ்வொரு எழுத்தாக எடுத்துக் கோத்தார். ஒரு பிழை இல்லை.

புத்தகம் வெளிவந்தது. ஊர்க்காரர்கள் வாங்கினார்கள், ஆனால் படித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். எந்தப் படத்தில் எவன் வீடு, எவன் கடை என்று தேடினார்கள். நாலாம் நாள் ஒரு பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்து முதலாளியையும் என்னையும் கூட்டிப் போனான். முகப்பில் இருந்த லட்சுமி சுதைச் சிற்பத்தை வைத்து அது தங்கள் வீடுதான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். உள்முற்றத்து வளவில் உட்கார்ந்திருந்த ஆச்சி புத்தகத்தை விரலால் தள்ளினார்.

"உங்க ஆளு பறந்தாப் பறந்துட்டுப் போறான். எங்க வீட்டு மாடியில எதுக்கு எறங்குறான்? எங்க வீட்டுக்குத் திருடன் வந்தான்னு ஊரு பேசவா?"

"தப்புத்தான் ஆச்சி. நீங்க சொல்லுறீகன்னா அந்தப் பக்கத்தையே எடுத்துருறேன்" என்றார் என் நாயகனின் முகம் கொண்டவர். இடுப்பு அவ்வளவு வளையும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அதோடு நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஜேப்படி நடப்பதாகக் காட்டியதற்குக் கடைக்காரர்கள் வந்தார்கள். நாயகன் கோபுரத்துக்கு மேலே கால் நீட்டிப் பறக்கிறான் என்று சிலர் வந்தார்கள். எல்லோரிடமும் முதலாளி தலையாட்டினார். இரண்டாம் இதழுக்கு நான் வரைந்ததில் வீடு இல்லை, கடை இல்லை, கோபுரம் இல்லை. கருவேலங்காட்டுக்கு மேலே ஜரிகைத் துணியோடு ஒருவன் பறந்தான். காரைக்குடிக்காக ஆரம்பித்த கதையில் காரைக்குடியே இல்லை. திருடனின் கைலியும் தொப்பியும் முகமும் மட்டும் அப்படியே இருந்தன. அதைப் பற்றிக் கேட்க யாரும் வரவில்லை, அதனால் முதலாளிக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. எனக்குப் பட்டது. பட்டும், பேனாவை மையில் முக்கி வரைந்தேன்.

அந்த இதழின் பிளாக்குகள் வந்த அன்று அச்சுக் கோப்பவர் வேலைக்கு வரவில்லை. தேவகோட்டையில் வேறு அச்சகத்தில் சேர்ந்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. "நன்றி கெட்ட ஆளு சார்" என்றார் முதலாளி. இரண்டாம் இதழை அவரே உட்கார்ந்து கோத்தார். தலைப்பிலேயே இரண்டு பிழை. விற்காமல் கட்டுக்கட்டாகக் கிடந்து கரையான் தின்றது. மூன்றாவது இதழ் வரவில்லை. ஆனாலும் பள்ளி ஆண்டு விழாக்களில் அவரைக் குழந்தை எழுத்தாளர் என்று மேடையேற்றினார்கள். எங்கள் பள்ளியிலும் ஏற்றினார்கள். நான் கீழே உட்கார்ந்து கை தட்டினேன்.

அச்சுக் கோப்பவரும் நானும் தினமும் காலையில் ஒரே பஸ்ஸில்தான் தேவகோட்டைக்குப் போனோம். என்னைப் பார்த்தால் தலையசைப்பார், முன்பக்கம் போய்விடுவார். ஒரு வருஷம் கழித்து ஒரு நாள், வேறு இடம் இல்லாமல் என் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. பாதி வழி போயிற்று. பிறகு, "பாய், அன்னைக்கு நான் வேணும்னு வரையல" என்றேன்.

"தெரியும் சார்" என்றார். "எங்க வீட்டுல பாத்த உடனே சொல்லிட்டாக, இது என் மூஞ்சிதான்னு. நல்லா வரையுறீக."

அவர் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னார். அவருடைய நிறுத்தம் வந்தது, டிபன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.