கல்லறைக்குக் கதவு வேண்டாம்: கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வௌவால் குகை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டைக்கு வரக் கூடாது. இந்தக் கட்டுரையில் வழி பாதித் தூரம்தான் இருக்கும். எந்தப் பேருந்து, எங்கே டீ நன்றாக இருக்கும், ஜீப்புக்கு எவ்வளவு என்பதெல்லாம் வழக்கம்போல உண்டு. குகை எங்கே என்று மட்டும் சொல்ல மாட்டேன். பின்னூட்டத்தில் கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன். குகைக்குள் போய்வருகிறவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் கட்டுப்பாடு இது. இடம் வெளியே தெரிந்தால் அடுத்த மாதமே பாறையில் காதலர் பெயரும் தரையில் சிப்ஸ் பொட்டலமும் வந்துவிடும்.

நான் திருச்சியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். வாரம் முழுக்க ஃபைல், லீவு கிடைத்தால் குகை. "உனக்கு ஏண்டி இந்தப் பொந்துக்குள்ள தலைய விடுற வேலை?" என்று கேட்டுக் கேட்டு என் அக்கா ஓய்ந்துவிட்டாள். என்னைப் போன்ற கிறுக்குகள் சேர்ந்து ஒரு குகையாளர் சங்கம் வைத்திருக்கிறோம். சந்தாவிலும் சட்டை விற்பதிலும் சேரும் பணத்தில், குகைகளைக் காப்பாற்றும் வேலைகளுக்கு ஆண்டுதோறும் சிறு மானியம் கொடுக்கிறோம். மனு வந்தால் உறுப்பினர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும். இந்தத் தை மாதம் அந்த முறை எனக்கு வந்தது.

மனுப் போட்டவர் சகாயமேரி, கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு மலையடிவாரக் கிராமத்துப் பள்ளி ஆசிரியை. அவர் குடும்பத்துப் பட்டா நிலத்தில் ஒரு குகை. அதில் பழந்தின்னி வௌவால்கள், அதிலும் உலகத்திலேயே வெகு சில மலைகளில் மட்டும் இருக்கிற ஓர் இனம். ஊரில் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். பெரிய வெள்ளியன்று மலையேறி, இயேசுவின் பாடுகளை நிலை நிலையாக நினைத்துச் செபிக்கும் சிலுவைப் பாதை செய்வார்கள். இயேசுவைக் கல்லறையில் வைக்கும் பதினான்காம் நிலை, அதாவது கடைசி நிலை, அந்தக் குகைக்குள்தான். உள்ளே ஊரே மெழுகுதிரி ஏற்றும். அதே சமயத்தில்தான் வௌவால்கள் குட்டி போட்டிருக்கும். அதனால் பதினான்காம் நிலையைக் குகைக்கு வெளியே கொண்டுவர ஒரு மேடையும், குருசு என்று அவர்கள் சொல்லும் சிலுவையும் வேண்டும், பெரிய வெள்ளிக்கு முந்தைய தவக்காலத்துக்குள் வேண்டும் என்று எழுதியிருந்தார்.

எங்கள் பொருளாளர் படித்துவிட்டுச் சிரித்தார். "குருசு நட நாம ஏம்மா காசு கொடுக்கணும்? விதி தெளிவா இருக்கு. குகைக்குள்ள நடக்கிற வேலைக்கு மட்டும்தான். இரும்புக் கதவு போடச் சொல்லு, பணம் உடனே." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வௌவால் புகுந்து போகும்படி கிடைமட்டமாகக் கம்பி வைத்த கதவின் படம் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மதுரை வரை வருவது உங்கள் பாடு. ஆரப்பாளையத்தில் தேனிப் பேருந்துகள் அடுத்தடுத்துக் கிடைக்கும். எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ஆண்டிபட்டிக் கணவாய் வரும்போது தயவுசெய்து தூங்காதீர்கள். அதைத் தாண்டியதும் காற்று மாறும், மூன்று பக்கமும் மலை எழுந்து நிற்கும். வைகை அணைக்குப் போகிற கூட்டம் பாதி வழியில் இறங்கிவிட்டதால் எனக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது. தேனியில் இறங்கி கம்பம் பேருந்து ஏறினால் சின்னமனூர் இருபத்து நான்கு கிலோமீட்டர். நிலையத்துக்கு எதிரே உளுந்த வடை சூடாக இருந்தது, டீ சுமார்தான். ஜீப்புக்குப் போக வர ஆயிரத்து இருநூறு ரூபாய் பேசினேன். மேகமலை போகிறவர்கள் இங்கிருந்துதான் ஏற வேண்டும். நான் வேறு பக்கம் திரும்பினேன். இதற்கு மேல் கிலோமீட்டர் கிடையாது.

ஜீப் ஓட்டிய அந்தோணி அதே ஊர்க்காரர். வந்த காரியத்தைக் கேட்டதும் வண்டியையே மெதுவாக்கிவிட்டார். "வவ்வாலுக்கா காசு குடுக்கிறீக? எங்க மச்சான் தோட்டத்துல பன்னீர்த் திராட்சைய அம்புட்டையும் தின்னுட்டுப் போகுதுக, யக்கா. மானியம் எங்களுக்குல்ல வரணும்!"

"அந்த வௌவால்தான் தின்னுச்சுன்னு பார்த்தீங்களா? இது காட்டு அத்திப்பழம் தின்கிற சாதி" என்றேன்.

"டீச்சரம்மாவும் அதத்தான் சொன்னாக. ராத்திரி பறக்கையில எதுன்னு யாரு பேரு கேக்கிறது?" என்று சிரித்தார். வழி முழுக்க என்னைக் கிண்டலடித்துக்கொண்டேதான் வந்தார்.

சகாயமேரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். என்னை உட்காரக்கூட விடாமல் நேரே மலைக்குக் கூட்டிப் போனார். வனத்துறையிலிருந்து ஒருவரும் கூட வந்தார். வாயிலில் முகமூடி போட்டுக்கொண்டு, வௌவால்கள் கலையாமலிருக்கத் தலைவிளக்கில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு, பேசாமல் நுழைந்தோம்.

நான் எத்தனையோ குகை பார்த்தவள், சும்மா வாயைப் பிளக்கிற ஆள் இல்லை. ஆனால் அங்கே பிளந்தேன். மலையிலிருந்து சரிந்த பெரும் பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, நடுவே ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருட்டை விட்டிருந்தன. நிமிர்ந்தால் கூரை முழுக்கக் கண்கள். சிவப்பு வெளிச்சத்தில் ஜோடி ஜோடியாக மின்னின. ஒன்று சிறகை விரித்து மடக்கும், பக்கத்தில் இருப்பது முணுமுணுக்கும், அப்படியே அந்தச் சலசலப்பு கூரையின் கடைசி வரை போய்த் திரும்பி வரும். பழவாடையும் எச்சத்தின் காரமும் கலந்த சூடான மூச்சு முகத்தில் பட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வேறொருவர் வீட்டில், அவர்கள் தூங்குகிற நேரத்தில் நின்றுகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். குகையின் கோடியில், பாறை விளிம்பிலிருந்து தரை வரை, வெள்ளையாக அடுக்கடுக்காக வழிந்து உறைந்த ஒரு திரை. சுண்ணாம்புக் குகைகளில் சொட்டு நீர் ஆயிரக்கணக்கான ஆண்டு வழிந்து உண்டாக்கும் பாறைத் திரை! இந்த மலையோ கருங்கல், இங்கே அது இருக்கவே முடியாது. இருக்கிறதே! சங்கத்துக்கு என்ன எழுதலாம் என்று மனசுக்குள் வாக்கியம்கூட அமைத்துவிட்டேன். எங்கள் கூட்டத்துக்கு எதையும் தொடக் கூடாது என்பது வேதவாக்கு. மீறி விரல் நுனியால் தொட்டேன். நகம் உள்ளே போனது.

"அது மெழுகுக்கா," என்றார் சகாயமேரி காதோடு. "எங்க ஊரு மெழுகு."

வெளியே வந்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

"போன வருசம் பெரிய வெள்ளி முடிஞ்சு மறுநா காலையில, வச்சுட்டு வந்த செபமாலைய எடுக்க உள்ள வந்தேன். அந்த மெழுகு மேலயும் தரையிலயும் பூராம் செத்த குட்டிக. கண்ணுகூடத் தெறக்கல. பொகையில தாயிக கலைஞ்சு பறக்கையில உதிர்ந்திருக்குக. நானும்தான்க்கா திரி ஏத்துனேன். முந்தின நாள் முழுக்க முழங்கால் போட்டு அழுதுட்டு, இத நாமளே செஞ்சிருக்கோமேன்னு ஆகிப்போச்சு. ஊருக்கூட்டத்துல சண்டை போட்டு, ஒரே ஒரு வருசம் வெளிய வச்சுப் பாப்போம்னு சம்மதிக்க வச்சிருக்கேன். மேடை வரலைன்னா இந்த வருசமும் உள்ளதான்."

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து ஊர்க்காரர்கள் கோயில் முற்றத்தில் கூடினார்கள். நான் கதவின் படத்தை விரித்து, கம்பிக்கு இடையே வௌவால் எப்படிப் பறக்கும் என்று விளக்கினேன். மலையடியில் மெழுகுதிரி விற்கும் தெரேசம்மா படத்தை வாங்கி, தூர வைத்துப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

"ஏத்தா, அது ஆண்டவரு கல்லறை. அதுக்குப் பூட்டுப் போடச் சொல்றியா? அன்னைக்கு ரோமாக்காரன் கல்ல வச்சு அடைச்சதே நிக்கல, மூணாம் நாளு ஆண்டவரு எந்திரிச்சு வந்துட்டாரு. நீ கம்பி வச்சு அடைக்கப் போறியாக்கும்!"

முற்றமே சிரித்தது. ஊர்ப் பாதிரியாரான பங்குச் சாமியாரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, விதியைச் சொன்னேன்: வெளியே குருசு நட எங்களால் கொடுக்க முடியாது, உள்ளே நடக்கும் வேலைக்குத்தான் முடியும். சகாயமேரி தலையைக் குனிந்துகொண்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

தெரேசம்மாவுக்குத்தான் கோபம் வந்தது. "குருசு நட உங்க சங்கத்துக்கிட்ட யாரு கையேந்துனது? டீச்சரு தெரியாம எழுதிட்டாக. குருசும் மேடையும் ஊரு பாத்துக்கிரும். உள்ள கெடக்கிற மெழுகச் சொரண்டணும்ல, அதுக்குக் கூலி குடு. அம்புட்டும் நான் வித்த மெழுகு. உருக்கி வடிகட்டுனா மறுபடியும் திரியாகும். அங்கன வெளிய வச்சு ஏத்திக்கிருவோம்."

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடிப்போய்ப் பொருளாளரை அழைத்தேன். கதவு கிடையாது, மெழுகு சுரண்டவும் புகைக்கரி துடைக்கவும் வாயிலில் முழங்கால் உயரத்துக்குக் கல் வரிசை வைக்கவும் மட்டும் பணம் என்றேன். "மெழுகு குகைக்குள்ளதான இருக்கு?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, ரசீது அனுப்பு." மனுஷன் நல்லவர், விதியைக் கொஞ்சம் வளைத்துக் காட்டினால் போதும்.

பயணக் குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்கு மனம் வராது. தங்க தேனியிலோ சின்னமனூரிலோ எண்ணூறு ரூபாயிலிருந்து அறை கிடைக்கும். குகை பார்க்கும் ஆசை இருந்தால் வனத்துறையிடம் கேட்காமல் எதிலும் நுழையாதீர்கள். பங்குனி, சித்திரையில் வௌவால் குகைப் பக்கமே போகாதீர்கள். தீ, புகை, வெள்ளை விளக்கு, பட்டாசு எதுவும் வேண்டாம். உங்கள் ஊரில் ஒரு குகை கெட்டுக்கொண்டிருந்தால் அருகிலுள்ள குகையாளர் சங்கத்துக்கு மனுப் போடுங்கள். எங்களைப் போன்றவர்கள் கொடுப்பது சின்னத் தொகைதான், ஆனால் சுரண்ட வேண்டிய மெழுகைச் சுரண்ட அது போதும். மனுவில் பெரிதாக எதையும் புனைய வேண்டாம், அங்கே என்ன நடக்கிறதென்று எழுதினாலே போதும்.

பெரிய வெள்ளிக்கு நான் மறுபடி போனேன். இந்த முறை அந்தோணி ஜீப்பில் என்னோடு நாற்காலிகளும் தண்ணீர்க் கேன்களும் ஏறின. வெயில் தாழ்ந்ததும் ஊர் மலையேறத் தொடங்கியது. ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட்டு எழுந்து, பதினான்காம் நிலைக்கு வந்தபோது மேற்கே வெளிச்சம் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. குகை வாயிலிலிருந்து தள்ளி, கல் மேடையில் புதுக் குருசு. அதைச் சுற்றி, குகை மெழுகை உருக்கி வார்த்த தெரேசம்மாவின் பழுப்பு நிறத் திரிகள் எரிந்தன. பழக்கத்தில் சிலர் குகையைப் பார்த்து நடந்தார்கள், கல் வரிசை வந்ததும் நின்றுவிட்டார்கள். சாமியார் செபத்தை முடித்தார். எல்லோரும் மௌனமாக முழந்தாளிட்டோம்.

அப்போது கல்லறை மூச்சுவிட்டது. முதலில் ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு குகையின் வாய் நிறைந்து அவை வெளியே வந்தன. எங்கள் தலைக்கு மேலே, சிறகுக் காற்றில் திரிகள் ஆட, சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்தன. பல தாய்களின் வயிற்றில் குட்டி அப்பிக்கொண்டிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. கிண்டல் பேசும் அந்தோணி கைகூப்பி அண்ணாந்து இருந்தார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. இத்தனை ஆண்டு குகைக்குள் தேடினதெல்லாம் அன்று வெளியே நின்றபோதுதான் கிடைத்தது.

"ஏத்தா," என்றார் தெரேசம்மா என் பக்கத்தில், அண்ணாந்தபடியே. "ஆண்டவராச்சும் மூணாம் நாளு வரைக்கும் பொறுத்தாரு. இதுகளுக்கு வெள்ளிக்கிழமையே பொறுக்கலையே!"

மறுநாள் விடிந்ததும், வனத்துறையிடம் சொல்லிவிட்டு, நானும் சகாயமேரியும் மலையேறினோம். இரண்டு பேர் நுழைந்தால் அவற்றுக்குத் தொந்தரவு என்று நான் கல் வரிசைக்கு இப்பால் நின்றுகொண்டேன். சிவப்பு விளக்கோடு அவர் மட்டும் உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை.

வந்தார். முகமூடியைக் கழற்றினார்.

"தரையில ஒண்ணுமே இல்லக்கா," என்றார்.