கூடையை இறக்காத காட்சி

ஆடத் தெரிந்தவளுக்கு அழத் தெரியாது என்று சினிமாக்காரர்கள் எப்படியோ முடிவு கட்டிவிட்டார்கள். சென்னையில் பல வருடம் மினுமினுக்கும் பாவாடையோடு ஆடினேன். நல்ல வேஷம் கேட்டுப் போன இடத்திலெல்லாம் என் இடுப்பைத்தான் பார்த்தார்கள். முகம் ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் ஒரு இயக்குநர் கொழுந்து பறிக்கும் பெண்ணாக நடிக்கக் கூப்பிட்டார். படப்பிடிப்பு இலங்கையில் கந்தப்பளைப் பக்கம், நான் பிறந்த தேயிலைத் தோட்டத்திலேயே. இதிலும் நடிகை என்று பேர் வாங்காவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று பயந்தேன்.

முக்கியமான காட்சி ஒன்றுதான். மலையில் கொழுந்து எடுப்பவளுக்குப் புருஷன் செத்த செய்தி வருகிறது. அது எங்கள் வீட்டில் நடந்ததுதான். அப்பா செத்த அன்று நான்தான் மலைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா கூடையை இறக்கவில்லை. தராசுக்கு நடந்துபோய், கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் லயத்து வீட்டுக்கு வந்தாள். எடுத்த கொழுந்தை விட்டுவிட்டு வந்தால் அன்றைய கூலி போய்விடும். இனி அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் நாங்கள் சாப்பிட வேண்டும். கல்நெஞ்சுக்காரி என்று தோட்டமே பேசியது. தராசுக் கொக்கியில் கூடையை மாட்ட முடியாமல் அவள் கை தடுமாறியதை நான் மட்டும் பார்த்தேன்.

அப்படியே நடித்தேன். உணர்ச்சி எங்கே, கூடையை வீசிவிட்டு ஓடிவாங்க என்றார் இயக்குநர். முடியாது என்றேன். முணுமுணுத்துக்கொண்டே அடுத்த காட்சிக்குப் போனார். கூட்டத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அம்மா கிட்டே வந்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"அன்னைக்கு என்னையப் பாத்துக்கிட்டுதான் இருந்துருக்க நீ," என்றாள்.

அத்தனை வருடத்தில் என் நடிப்புக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

படம் வந்ததும் அம்மாவை ஹட்டன் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். தீபாவளிச் சேலையில் வந்தாள். படம் ஓட வேண்டுமே என்று கடைசியில் என்னை ஆடவிட்டு எடுத்த மழைப்பாட்டு முழுசாக இருந்தது. ஜனங்கள் விசிலடித்தார்கள். அந்தக் கூடைக் காட்சி மட்டும் இல்லை. வெட்டிவிட்டதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பாட்டோடு எழுந்து போயிருக்கலாம் என்று நினைத்தேன். என் பிழைப்பு இவ்வளவுதான் என்று புரிந்துவிட்டது.

விளக்கு எரிந்தது. எல்லாரும் எழுந்து போனார்கள். அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். படம் முடிந்துவிட்டது, வா என்று கையைப் பிடித்தேன்.

"இரு," என்றாள், வெறும் திரையைப் பார்த்தபடி. "நான் வர்ற இடம் இன்னும் வரலையே."